பையைக் கீழே வையுங்கள்

ஓய்வுபெற்ற ஒரு லேப் டெக்னீஷியன் மேடையில் செய்த காரியத்தைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். "கோமதிக்கு ரிட்டயர் ஆனபிறகு கோட்டி பிடிச்சிட்டு" என்று என் சொந்தத் தம்பியே சொன்னானாம். பேர் வாங்க அப்படிச் செய்தேன் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். ரத்த வங்கியில் என் கீழே வேலை பழகிய முத்துலட்சுமி மட்டும் நேரில் வந்து, "அக்கா, நடந்தத நீங்களே எழுதிருங்க. புதுசா வந்திருக்க பிள்ளைகளுக்கு ஒண்ணுமே தெரியல. நீங்க சும்மா கத்துனியன்னுதான் நெனைக்காவ" என்றாள். எழுதுகிறேன். எழுதும்போதே எரிகிறது.

வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த பிளக்ஸைப் பார்த்தேன். ஒரு கல்யாண வாழ்த்துக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில் நின்றது. ஒரு சேவைச் சங்கத்தின் வெள்ளி விழா. தன்னலமற்ற தொண்டர்களுக்குப் பாராட்டு. நடுவில் பெரிதாக ஒரு பழைய படம். மேடையில் ஒரு கட்டில். கட்டிலில் பொன்னாடையோடு ஒரு மனிதர் படுத்திருக்கிறார். அவர் கையிலிருந்து ஒரு குழாய் போகிறது. குழாயின் மறுமுனையில் இருக்கிற ரத்தப் பையைக் கோட்டுப் போட்ட ஒருவர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறார். அடியில், 'ஓர் உயிர் காத்த தருணம்' என்று எழுதியிருந்தார்கள்.

"சவத்தெளவு!" என்று நடுரோட்டில் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண் தன்னைத்தான் ஏசுகிறேன் என்று நினைத்து முறைத்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அங்கேயே நின்றேன். அந்தத் தருணம் எந்த உயிரையும் காக்கவில்லை. அந்தப் பை எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். அந்தப் பையால் என்ன கேடு வந்தது என்றும் தெரியும். அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் கேட்டதும் இல்லை.

நான் வேலைக்கு வந்த கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் முட்டை கூட நுழையாது. அப்பா தமிழ் வாத்தியார். "சைவப் பிள்ளைக்கு ரத்தத்துல என்ன வேலை?" என்று உறவுக்காரர்கள் கேட்டபோது, "மாச மாசம் வாற சம்பளத்துல வேலை" என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தார். படித்து முடித்து, ஒரு டிரஸ்ட் நடத்திய ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் சேர்ந்தேன். முதல் நாள் சூடான ரத்தப் பையைக் கையில் வாங்கியதும் வாந்தி வந்தது. அதற்குப் பிறகு தலைமுடி நரைத்து ரிட்டயர் ஆகும் வரைக்கும் வரவில்லை.

எங்களுக்கு மேலே இருந்தவர் டாக்டர் நல்லசிவம். ஏசத் தெரியாத மனிதர். தப்புச் செய்தவனைக் கூப்பிட்டு, "இங்கன வாரும். இதைக் கொஞ்சம் பாரும்" என்பார். அவனே பார்த்து, அவனே வெட்கி, அவனே திருத்திக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும் இவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஏச்சே மேல் என்று தோன்றும்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். ரத்தம் கொடுக்க வருகிறவரின் விரலைக் குத்தி, ஒரு சொட்டை மயில்துத்தக் கரைசலில் விட வேண்டும். நீலத் தண்ணீரில் சொட்டு முங்கினால் உடம்பில் ரத்தம் போதுமானது. மிதந்தால் போதாது, வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். படுக்கவைத்து ஊசி குத்தியபின் பை எப்போதும் கட்டிலுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வாய்க்கால் ஓடுகிற மாதிரி ரத்தம் தானாக இறங்கும். பைக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து இருக்கும். அதோடு கலக்கும்படி பையைப் பைய ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டம் நின்று நின்று வந்தால் கட்டி தட்டிவிடும், அந்தப் பை யாருக்கும் ஆகாது.

இன்னொரு விதி அவரே வகுத்தது. நெகட்டிவ் வகைக்காரர்கள் ஊரில் மிகக் குறைவு. பையில் எடுத்த ரத்தம் ஒரு மாதத்துக்குச் சற்று மேலே தாங்கும், பிறகு குப்பை. கொடுத்தவர் மறுபடி கொடுக்க மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அதனால் முகாமுக்கு வருகிற நெகட்டிவ்காரர்களிடம் எடுக்காதீர்கள், போன் நம்பரை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுங்கள், ஆபத்துக்குக் கூப்பிடுவோம் என்பார். "ரத்தத்தக் கெடாம வைக்கதுக்கு மனுச உடம்ப விட நல்ல பிரிட்ஜ் இன்னும் யாரும் செய்யல" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

இதை வந்தவர்களுக்குப் புரியவைப்பதற்குள் உயிர் போய்விடும். சுப்பையாவை அப்படித்தான் முதலில் பார்த்தோம். பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு முகாம். லேத் பட்டறை வைத்திருந்த சுப்பையா கையெல்லாம் அப்பியிருந்த கிரீஸைக் கழுவிவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஓ நெகட்டிவ் என்று தெரிந்ததும் வேண்டாம் என்று சொன்னோம். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏன், என் ரத்தம் என்ன கெட்டா போச்சு?"

டாக்டர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "கெட்டுப் போயிரக் கூடாதுன்னுதான் ஒம்மகிட்டயே வச்சிருக்கச் சொல்லுதேன் வே. எங்க பிரிட்ஜுல எடம் இல்ல. நான் கேக்கும்போது குடும்."

சுப்பையா வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து கூப்பிட்டபோதெல்லாம் வந்தார். லேத்தை நிறுத்திவிட்டு வருவார். தீபாவளியன்று வந்திருக்கிறார், மாமனார் பதினாறாம் நாள் காரியத்தில் பாதியில் எழுந்து வந்திருக்கிறார். கொடுத்துவிட்டு, பிஸ்கட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மகளுக்கு என்று எடுத்துப் போவார். யாருக்குக் கொடுத்தோம் என்று கேட்க மாட்டார்.

அந்த மனிதரைத்தான் பாராட்டினார்கள்.

சங்கத் தலைவர் பாத்திரக்கடை சண்முகவேல் அண்ணாச்சி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வெயில் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைப்பார், பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு வாங்கிக் கொடுப்பார். ஆனால் எதைச் செய்தாலும் அதைப் படமாகப் பார்க்காவிட்டால் அவருக்குச் செய்த மாதிரியே இருக்காது. சுப்பையாவுக்குக் 'குருதிச் செம்மல்' என்று பட்டம் தந்து பெரிய மண்டபத்தில் விழா எடுத்தார். கீழே ஒரு கூடத்தில் எங்கள் ரத்த தான முகாம். டாக்டர் நல்லசிவம் மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தார். நானும், புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் டாக்டரும், ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரியும் போயிருந்தோம்.

சிறப்பு விருந்தினர் சென்னையில் தொழில் செய்கிறவர், பூர்வீகம் இங்கே. வெகுநேரம் காக்கவைத்துவிட்டுக் கோட்டும் போட்டுக்கொண்டு வந்தார். அவர் வந்த பிறகுதான் அண்ணாச்சிக்கு அந்த யோசனை உதித்தது. நேரே என்னிடம் வந்தார்.

"எம்மா, கேடயம் குடுக்கது எல்லா விழாலயும் உள்ளதுதான. சுப்பையா ரத்தம் குடுக்கத மேடையிலேயே காட்டிருவோம். கட்டில மேல தூக்கச் சொல்லுங்க."

"அண்ணாச்சி, அவரு நெகட்டிவ். அவசரத்துக்கு வச்சிருக்க ஆளு. சும்மா எடுக்கக் கூடாது. கீழ பாசிட்டிவ்காரங்க வரிசையா நிக்காங்க. அதுல ஒருத்தரப் படுக்க வைங்க" என்றேன்.

"விருது அவருக்கு. வேற ஆளப் படுக்க வச்சா படம் எப்படிம்மா பொருந்தும்?"

நிர்வாக அதிகாரி என் காதருகே வந்து, "கோமதி, பெரியவங்களோட மல்லுக்கு நிக்காதீங்க" என்றார். நான், "அப்படின்னா நான் குத்த மாட்டேன்" என்று கையுறையைக் கழற்றி அவர் முன்னாலேயே போட்டேன். அவர் இளம் டாக்டரைப் பார்த்தார். அந்தப் பையன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு சம்பளம் வாங்கியிருப்பான். குனிந்த தலையோடு ஊசியை எடுத்துக்கொண்டு மேலே போனான்.

நான் சுப்பையாவிடம் ஓடினேன். "மாட்டேன்னு சொல்லுங்க" என்றேன். அவர் முன்வரிசையைக் காட்டினார். அவர் மனைவியும், பள்ளிக்கூடப் பாவாடை தாவணியில் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். "அக்கா, எம் பிள்ள பாத்துட்டிருக்கு. இத்தன சனத்துக்கு முன்னால எப்படிக்கா மாட்டேன்னு சொல்லுவேன்?" என்றார். வாழ்நாளில் ஒரு தடவை மாலை விழுந்த மனிதர். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

பொன்னாடையை எடுக்காமலே படுக்கவைத்தார்கள். ஊசி ஏறியது. ரத்தம் இறங்கத் தொடங்கியது. புகைப்படக்காரன், "சார், கையில எதாவது புடிங்க" என்றான். கோட்டுக்காரர் குனிந்து, கீழே இருந்த பையை எடுத்து, கேடயத்தைத் தூக்குவது போலத் தலைக்கு மேலே தூக்கினார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்றால் என்ன என்று அன்றைக்குக் கண்ணாலேயே பார்த்தேன். தேங்காய் இவருடையது இல்லை, புண்ணியம் மட்டும் இவருக்கு.

"சார், பையைக் கீழ வைங்க!" என்று கத்தினேன். மைக்கில் பாட்டுப் போட்டிருந்தார்கள். குழாயில் ரத்தம் நின்றுவிட்டது. நின்றதோடு போகவில்லை, பைக்குள் போனது திரும்ப சுப்பையாவின் கையை நோக்கி இறங்கத் தொடங்கியது. நான் மேடையில் ஏறி, அந்தப் பெரிய மனிதரை முழங்கையால் தள்ளிவிட்டு, குழாயை விரலால் நெரித்துப் பிடித்தேன். "யாரும்மா நீ?" என்றார் அவர். புகைப்படக்காரன், "அக்கா மறைக்காதீங்க" என்றான். பையைக் கீழே இறக்கினேன். அதன்பிறகு ஓட்டம் அறுந்து அறுந்துதான் வந்தது. சுப்பையாவின் ஒரு பை ரத்தம் முழுசாகப் போயிற்று.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அந்தப் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஈரல் துண்டு மாதிரிக் கட்டி கட்டியாகக் கிடந்தது. எரிப்பதற்கு அனுப்புகிற மஞ்சள் பையில் நான்தான் அதைப் போட்டேன். மறுநாள் விருந்தினரை அவமதித்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது.

அதற்கு அடுத்த மாதம் இசக்கியம்மாளைக் (அவர்கள் வீட்டுப் பேர்களை மாற்றியிருக்கிறேன்) கொண்டுவந்தார்கள். ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். புருஷன் முருகேசன் காற்றாலையில் காவல் வேலை பார்க்கிறவன். முதல் பிரசவம். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. ஆனால் தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. மத்தியான வெயிலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது அவள் உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஓ நெகட்டிவ்.

பிரிட்ஜில் ஒரு பை இல்லை. எங்கள் கணக்கில் சுப்பையாவைத் தவிர இரண்டு பேர். திசையன்விளையில் முருங்கைக்காய் வியாபாரி ஒருவர், அவர் மஞ்சள்காமாலையில் படுத்திருந்தார். இன்னொருவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். டவுனில் இருந்த மற்ற ரத்த வங்கிகளிலும் இல்லை. நாகர்கோவிலில் ஒரு பை இருப்பதாகச் சொன்னார்கள், எடுத்துவர ஆள் போனது. ஒரே ஆளை நம்பியா ஆஸ்பத்திரி நடத்தினீர்கள் என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் உண்டு. ஆமாம், அப்படித்தான் நடக்கிறது. இந்த நாட்டில் பாதி காரியம் யாரோ ஒருவர் லேத்தை நிறுத்திவிட்டு வருவதால்தான் நடக்கிறது. அதனால்தான் அவரைப் பத்திரமாக வைத்திருந்தோம்.

சுப்பையாவை நான் கூப்பிடவில்லை. மேடையில் எடுத்து மூன்று மாதம் ஆகவில்லை, கூப்பிட முடியாது. ஆனால் முருகேசனின் சொந்தக்காரர்கள் செல்போனில் அனுப்பிய செய்தி சுற்றிச் சுற்றிப் பேட்டைக்கும் போய்விட்டது. சுப்பையா மூச்சு வாங்க வந்து நின்று சட்டைக் கையை மடித்தார். "எடுங்க சார்."

டாக்டர் நல்லசிவம் அவர் விரலைக் குத்தி, சொட்டை நீலத் தண்ணீரில் விட்டார். மிதந்தது.

"இன்னொரு சொட்டு போடுங்க சார்."

அதுவும் மிதந்தது. சுப்பையா அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு எடுத்ததுனாலயா சார்?" என்றார். டாக்டர் பஞ்சை எடுத்து அவர் விரலில் வைத்து அழுத்தினார். "ஒரு பை குடுத்தா நான் செத்தா போவேன்? எடுங்க சார், அந்தப் பிள்ள சாவக் கெடக்கு!" என்று கத்தினார்.

"சுப்பையா, ஒம்ம ஒடம்புல இப்ப குடுக்கதுக்கு இல்ல. எடுத்தா ஒம்மயும் தூக்கிட்டு ஓடணும். பைய இரும்" என்று தோளைப் பிடித்து உட்காரவைத்தார். அந்த மனிதர் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார்.

டாக்டர் முருகேசனைத் தனியே கூப்பிட்டார். நானும் கூட நின்றேன். ஒவ்வொரு வார்த்தையும் நினைவில் இருக்கிறது.

"முருகேசா, கேட்டுக்கோ. ஒம் பொஞ்சாதிக்கு ஏத்த வேண்டிய ரத்தம் வந்துட்டிருக்கு. அது வாற வரைக்கும் அவ தாங்க மாட்டா. பாசிட்டிவ் ரத்தம் நெறைய இருக்கு. அத ஏத்துனா இப்ப உசுரு நிக்கும். ஆனா அவ ஒடம்பு அத எதிரின்னு ஞாபகம் வச்சுக்கிடும். அடுத்தாப்ல உண்டாகுத பிள்ளை பாசிட்டிவா இருந்தா, அந்தப் பிள்ள ரத்தத்த அது அழிக்கப் பாக்கும். அதத் தடுக்க ஊசி இருக்கு. ஒரு முழுப் பைக்கு ஈடு குடுக்க அம்புட்டு ஊசி நம்மகிட்ட இல்ல."

"எனக்கு அவ இருந்தாப் போதும் சார்" என்றான் முருகேசன்.

பாசிட்டிவ் பையை ஏற்றினார்கள். டாக்டர் அந்த இளம் டாக்டரைக் கூப்பிட்டனுப்பினார். "இங்கன வாரும். இவ கையப் புடிச்சிக்கிட்டு நில்லும்" என்றார், அவ்வளவுதான். பை காலியாகும் வரைக்கும் அந்தப் பையன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. இசக்கி பிழைத்துக்கொண்டாள். நாகர்கோவில் பை பிறகு வந்து சேர்ந்தது.

அந்த விழாவில் எங்கள் ரத்த வங்கிக்கும் ஒரு கேடயம் கொடுத்திருந்தார்கள். நிர்வாக அதிகாரி அதை எங்கள் அறையில் சுவரில் மாட்டியிருந்தார். அன்றைக்கு வேலை முடிந்து கிளம்பும்போது டாக்டர் நல்லசிவம் அதைக் கழற்றினார். பிரிட்ஜுக்கு ஒரு கால் குட்டை, எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். கேடயத்தை அந்தக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. "நல்ல கேடயம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

டாக்டர் பயந்தது நடந்தது. இசக்கிக்கு இரண்டாவதாக உண்டானது ஆண் குழந்தை, வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அவள் ரத்த வங்கிக்கு வந்து, கவுண்டரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எக்கா, என் ரத்தந்தான் எம் பிள்ளையக் கொன்னுட்டுன்னு எங்க அத்த சொல்லுதாவ. நெசமாக்கா?"

"இல்ல தாயி. ஒன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்ல? உன் பிள்ளையைக் கொன்றது ஒரு போட்டோ என்று அந்தப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்ல? அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள், நான் சொன்னதை நம்பவில்லை என்று தெரிந்தது. எத்தனையோ சாவுகளைப் பார்த்த இடம் அது. அந்த ஒன்றுக்கு மட்டும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

டாக்டர் ஓய்வுபெற்றார். நானும் போன வருஷம் ஓய்வுபெற்றேன். இப்போது இந்த பிளக்ஸ்.

வீட்டுக்கு வந்ததும் முத்துலட்சுமியைப் போனில் கூப்பிட்டேன். அவள் ஒரு செய்தி சொன்னாள். இசக்கி மறுபடியும் உண்டாகியிருந்தாள். குழந்தை பாசிட்டிவ். டாக்டர்கள் மாதத்துக்கு இத்தனை தடவை என்று வயிற்றை ஸ்கேன் செய்து காத்துவந்தார்கள். முன்கூட்டியே குழந்தையை எடுப்பதற்கு நாள் குறித்துவிட்டார்கள். எடுத்ததும் அதன் ரத்தத்தை மாற்ற வேண்டும், அதற்கு அன்றோ முந்தின நாளோ எடுத்த புது ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும். முத்துலட்சுமி சுப்பையாவிடம் முன்பே சொல்லிவைத்திருந்தாள். அவரும் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமுமாகத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தார். சங்கத்தின் விழா அதற்கு முந்தின வாரம்.

"ஏட்டி, மேடையில ரத்தம் எடுக்கப் போறாவளா?"

"ஆமாக்கா. அதே மாதிரி, அதே ஆள வச்சு. வெள்ளி விழால்லா. ஒங்களுக்கும் விருது உண்டாம், சேவைச் சிகரம்னு."

சிகரமாம்! அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். இசக்கியின் பேரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். "ஒரு பிள்ளைக்கு வேற ஆள் கெடைக்காமலா போவான்? நீங்க ரொம்பப் பயப்படுதிய" என்றார்.

"அண்ணாச்சி, அந்தப் படத்துல இருக்க பை என்ன ஆச்சுன்னு தெரியுமா?"

"ஏதோ ஒரு உசுரக் காப்பாத்திருக்கும்லா."

"மஞ்சப் பையில போட்டு எரிச்சோம். தூக்கிப் புடிச்சதுல கெட்டுப் போச்சு."

"சரி விடுங்கம்மா, அது பழைய கதை. படம் நல்லா விழுந்திருக்குல்லா" என்றார்.

சுப்பையாவிடம் பேசினேன். அவர் பட்டறைக்கு வேலை வருவதே அண்ணாச்சி கடையிலிருந்துதான். "அவாளப் பகைச்சிக்கிட முடியாதுக்கா. நான் மெல்ல நழுவப் பாக்கேன். கண்டிப்பா வரணும்னு சொல்லுதாவ" என்று இழுத்தார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி. சரி, நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

விழாவன்று காலையில் முத்துலட்சுமியிடம் விரலை நீட்டினேன். சொட்டு முங்கியது. ரத்த அழுத்தமும் சரியாக இருந்தது. எனக்கு வயது வரம்பு இன்னும் தாண்டவில்லை. வகை பி பாசிட்டிவ், பிரிட்ஜில் இடம் கொள்ளாமல் கிடக்கிற வகை.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டு சுப்பையாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டில் வந்தது. "அடுத்ததாக, நம் குருதிச் செம்மல்..." என்று தொகுப்பாளர் தொடங்கினார். சுப்பையா பாதி எழுந்தார். நான் அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டேன்.

"குத்துட்டி" என்றேன். முத்துலட்சுமி தயாராகத்தான் இருந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் ஊசி ஏறிவிட்டது.

அண்ணாச்சி ஓடிவந்தார். "என்னம்மா இது? எந்திரிங்க!"

"ஊசி ஏறிட்டு அண்ணாச்சி. இனிமே எந்திரிக்க முடியாது."

இந்த வருஷத்துச் சிறப்பு விருந்தினர் வேறு ஒருவர். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. பிளக்ஸில் பார்த்திருப்பார் போல. சிரித்துக்கொண்டே குனிந்து பையின் மேல் கையை வைத்தார். "தொடாதீங்க! பையைக் கீழ வைங்க!" என்று நான் போட்ட சத்தம், பக்கத்தில் இருந்த மைக்கில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டது. பாட்டு நின்றது. தொகுப்பாளர் மைக்கை இழுத்துக்கொள்வதற்குள் நான் இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். கையில் ஊசியோடு படுத்திருக்கிற ஒரு கிழவியை யாரால் என்ன செய்துவிட முடியும்?

பை நிறைகிற வரைக்கும் பேசினேன். பழைய பை எங்கே போயிற்று என்று சொன்னேன். எந்த ஊர்ப் பெண் என்று சொல்லாமல், அதனால் ஒரு பெண் எதை இழந்தாள் என்று சொன்னேன். "தொண்டு செய்யுதவங்களக் கும்பிடுதேன்னு சொல்லி அவங்களையே எடுத்துத் தின்னாதீங்க. அவரு இங்க வந்து சும்மா உக்காந்திருக்கதுதான் அவரு செய்யுத தொண்டு. அதுக்குக் கை தட்டுங்க" என்றேன். யாரும் தட்டவில்லை. முன்வரிசையில் சுப்பையாவின் மகள், இப்போது கல்யாணமாகிக் கையில் பிள்ளையோடு இருப்பவள், எழுந்து நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்தபோது அண்ணாச்சி வாசலில் நின்றார். "விழாவ இப்படிக் கெடுத்திட்டியளே தாயி" என்றார். "நீங்க கெடுத்ததுக்கு இது கம்மி" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பட்டறைக்கு வேலை தருவதை நிறுத்துவாரோ என்று சுப்பையா பயந்தார். இதுவரைக்கும் நிறுத்தவில்லை. வண்ணார்பேட்டை பிளக்ஸையும் இதுவரைக்கும் இறக்கவில்லை.

அடுத்த வாரம் சுப்பையா ரத்த வங்கிக்கு வந்தார். நானும் போய் ஓரமாக நின்றேன். சொட்டு கல்லாக முங்கியது. பொன்னாடை இல்லை, பாட்டு இல்லை. பை கட்டிலுக்குக் கீழே இருந்தது, முத்துலட்சுமி அதைப் பைய ஆட்டிக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்கு ரத்தம் மாற்றி முடித்ததும் பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். பெண் பிள்ளை. முருகேசன் வெளியே ஓடிவந்து சுப்பையாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தான்.

"அண்ணே, ஒங்கள ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டுமா?"

சுப்பையா என்னைப் பார்த்தார்.

"என்னைய எதுக்கு வே?" என்றார். "போயி பிள்ளைய எடும்."